மென்டோசா கோடும் மென்டோசா என்ற மனிதரும்

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் சாப்ளின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாலை நேரத்தில் ஒரு விளையாட்டு வீரரைக் குறித்து நாம் சிந்திக்கப்போகிறோம். மாலை போட்டு வரவேற்கப்பட்ட வெற்றி வீரர் அல்லர் அவர். அவர் பெயர் மாரியோ மென்டோசா. மெக்சிகோ நாட்டவர். அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்பால் ஆட்டத்தில் 1974 முதல் 1982 வரை 9 பருவங்கள் மூன்று அணிகளில் ஆடியவர். நட்சத்திர ஆட்டக்காரர் என்று எவரும் அவரைச் சொன்னதில்லை. அழைத்த அணிக்குப் போய், கொடுத்த இடத்தில் நின்று, கொடுத்த வேலையைச் செய்தவர்.

இப்படிப்பட்டவர்களின் பெயர்கள் சில ஆண்டுகளில் மறைந்துபோவது வழக்கம். மென்டோசாவின் பெயர் மறையவில்லை. இன்றும் அமெரிக்காவில் அது வழங்கிவருகிறது. எதற்காக வழங்கிவருகிறது என்பதே வருத்தத்துக்குரிய காரியம். தோல்வியை அளக்கும் கோலாக அது வழங்கிவருகிறது.

பேஸ்பாலில் மட்டை பிடிக்கிறவரின் சராசரி 0.200க்குக் கீழே இறங்கினால், அவர் "மென்டோசா கோட்டுக்குக் கீழே போய்விட்டார்" என்பார்கள். இந்தப் பேச்சு ஆட்டக்களத்தோடும் நிற்கவில்லை. பார்ப்பவர் குறைந்துபோன தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும், விலை சரிந்த பங்குக்கும், மக்கள் ஆதரவை இழந்த அரசியல்வாதிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அவர் ஆடிய ஓர் ஆட்டத்தையும் பார்த்திராதவர்கள், அவர் உயரமா குட்டையா என்றும் அறியாதவர்கள், அவர் பெயரைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு மனிதருடைய பல ஆண்டு உழைப்பு ஒரே ஒரு கேலிச் சொல்லாகச் சுருங்கிவிடுவது நியாயமா? அந்தக் கணக்குப் புத்தகத்தை நாம் சற்றே திறந்து பார்ப்போம்.

ஆட்டத்தில் அவர் நின்ற இடம்

நம்மில் அநேகருக்குக் கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் தெரியாது. ஆகவே முதலில் ஆட்டத்தைக் குறித்து இரண்டு வார்த்தை.

ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நிலைகள். அவற்றை 'பேஸ்' என்பார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி தூரம். மட்டை பிடிக்கிறவர் ஒரு மூலையில் நிற்பார். பந்து தரையில் படாமலே அவரை நோக்கி வரும். அவர் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸை நோக்கி ஓட வேண்டும். தரையில் உருண்டு வரும் பந்தை எதிரணியினர் எடுத்து, அவர் போய்ச் சேருமுன் முதல் பேஸில் நிற்பவரின் கைக்கு எறிந்துவிட்டால், அவர் ஆட்டமிழந்தார். நம்மூர்க் கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேஸ்களையும் சுற்றி வந்தால்தான் ஒரு ரன்.

இந்தச் சதுரத்தைக் காவல் காக்க நான்கு பேர் உட்களத்தில் நிற்பார்கள். முதல் பேஸுக்கு ஒருவர், இரண்டாவதற்கு ஒருவர், மூன்றாவதற்கு ஒருவர். நான்காமவர் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே உள்ள அகன்ற இடைவெளியில் நிற்பார். அவருக்கு 'ஷார்ட்ஸ்டாப்' என்று பெயர். வலக்கை ஆட்டக்காரர்கள் பலமாக அடிக்கும் தரைப்பந்துகளில் பெரும்பகுதி அவர் பக்கமே வரும். அடித்தவர் முதல் பேஸை எட்டிப் பிடிக்க 4 விநாடிகளுக்குச் சற்று அதிகமாகும். அதற்குள்ளே இவர் பந்து வரும் திசையை அறிந்து, ஓடி, குனிந்து எடுத்து, உடலைத் திருப்பி, 100 அடிக்கும் அதிகமான தூரத்துக்குக் குறி தவறாமல் எறிந்துவிட வேண்டும். கண் இமைக்கும் நேரம் தாமதித்தாலும் எல்லாம் வீண். சில வேளைகளில் ஒரே பந்தில் எதிரணியில் இருவரை ஆட்டமிழக்கச் செய்யும் வாய்ப்பும் அவர் கையில்தான் இருக்கும்.

ஆட்டத்தை அறிந்தவர்கள் உட்களத்தின் மிகக் கடினமான இடம் இதுவே என்பார்கள். மென்டோசா நின்ற இடம் இதுதான். அவருடைய நாட்டு மக்கள் அவருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு பட்டப்பெயர் கொடுத்திருந்தார்கள். 'மானோஸ் தெ செதா'. பட்டுக் கைகள் என்று அதற்குப் பொருள். ஆக, அவருக்குப் பெயர்கள் இரண்டு. அவர் கைகளைப் பார்த்துச் சொந்த மக்கள் வைத்த பெயர் ஒன்று. பத்திரிகையில் அச்சான எண்ணைப் பார்த்து மற்றவர்கள் வைத்த பெயர் இன்னொன்று. உலகம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது.

சராசரி என்பது எதைச் சொல்லுகிறது?

கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த ரன்களை அவர் ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்கிறோம். பேஸ்பாலில் கணக்கு வேறு. மட்டை பிடித்த தடவைகளில் எத்தனை தடவை நன்றாக அடித்துப் பத்திரமாகப் பேஸை எட்டினார் என்று பார்க்கிறார்கள். அப்படி எட்டினால் அது ஒரு ஹிட். பத்துத் தடவையில் மூன்று ஹிட் அடித்தால் சராசரி 0.300. அவர் சிறந்த ஆட்டக்காரர். ஊர் அவரைக் கொண்டாடும். பத்தில் இரண்டு அடித்தால் 0.200. அவரைக் கேலி செய்வார்கள்.

இதைக் கவனியுங்கள். கொண்டாடப்படுகிறவரும் பத்தில் ஏழு தடவை தோற்றுத்தான் திரும்புகிறார். கேலிக்குரியவர் எட்டுத் தடவை தோற்கிறார். இருவருக்கும் இடையே பத்துக்கு ஒன்றுதான் வித்தியாசம். இவ்வளவு கடினமான வேறொரு வேலையை நாம் எளிதில் காண்பது அரிது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் 'தியாக அடி' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தம் அணியைச் சேர்ந்த ஒருவர் ஏற்கெனவே பேஸில் நிற்கும்போது, அவரை அடுத்த பேஸுக்கு நகர்த்துவதற்காக மட்டைக்காரர் பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு, தாம் ஆட்டமிழப்பார். தெரிந்தே தம்மைக் கொடுத்துவிடுகிறார். வரிசையின் கடைசியில் மட்டை பிடிக்கும் மென்டோசா போன்றவர்களிடம்தான் இந்த வேலையை அதிகமாகச் சொல்வார்கள். அதனால் வந்த ரன் வேறொருவர் பெயரில் எழுதப்படும். இவர் சராசரியில் அது ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. அந்தக் கணக்கைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

பிட்ஸ்பர்க்கில் ஐந்து ஆண்டுகள்

மென்டோசா 1950 டிசம்பர் 26ஆம் தேதி மெக்சிகோவின் வடக்கே உள்ள சிவாவா நகரில் பிறந்தார். தம் தாய்நாட்டில் தொழில்முறை ஆட்டக்காரராகத் தொடங்கி, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் கீழ்நிலை அணிகளில் படிப்படியாக ஏறி, 1974 ஏப்ரலில் பெரிய லீக்கில் முதல் ஆட்டம் ஆடினார். அப்போது அவருக்கு வயது 23.

அவர் போய்ச் சேர்ந்தது சாதாரண அணி அல்ல. 3,000 ஹிட் அடித்த போர்ட்டோ ரிக்கோ வீரர் ரொபெர்ட்டோ கிளமென்டே பல ஆண்டுகள் ஆடிய அணி அது. நிகராகுவாவில் பூகம்பத்தால் துன்புற்ற மக்களுக்கு நிவாரணப் பொருள்களை எடுத்துச் சென்றபோது, 1972 டிசம்பர் 31 அன்று விமானம் கடலில் விழுந்து கிளமென்டே உயிரிழந்தார். ஓர் ஆண்டும் சில மாதங்களும் கழித்து மென்டோசா வந்தார். வில்லி ஸ்டார்ஜல், டேவ் பார்க்கர் போன்ற பலசாலிகள் அங்கே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். 1974லும் 1975லும் அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

அங்கே ஷார்ட்ஸ்டாப் இடத்தில் வழக்கமாக ஆடியவர் ஃபிராங்க் டவெராஸ். மின்னலாக ஓடுகிறவர்; 1977ல் மட்டும் 70 தடவை எதிரணியை ஏமாற்றி அடுத்த பேஸுக்கு ஓடியவர். மென்டோசா அவருக்கு மாற்று ஆள். பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். தம் அணி முன்னணியில் இருந்து, ஆட்டம் முடியும் தறுவாயில், இனி ஒரு பந்தும் தவறக்கூடாது என்ற நிலை வரும்போது அவரை அழைப்பார்கள். போய் நிற்பார். வந்த பந்தை எடுத்து எறிவார். ஆட்டம் முடியும். மற்றவர்கள் கைகுலுக்கிக்கொள்வார்கள்.

இதில் உள்ள சிரமத்தை யோசித்துப் பாருங்கள். மட்டையடிக்கும் கை பழக்கத்தினாலே தேறுகிற கை. தினமும் மட்டை பிடிக்கிறவருக்குக் கண்ணும் கையும் சேர்ந்து வரும். வாரத்துக்கு ஓரிரு தடவை மட்டை பிடிக்கிறவருக்கு அது எளிதில் வருவதில்லை. மென்டோசாவின் சராசரி 1975ல் 0.180, 1976ல் 0.185, 1977ல் 0.198. அந்த 1977ல் ஓர் ஆட்டத்தில் அவரைப் பந்து வீசவும் சொன்னார்கள். அது அவருடைய தொழில் அல்ல. எனினும் போய் 2 இன்னிங்ஸ் வீசினார். மூன்று ரன்கள் போயின. தோற்றுக்கொண்டிருக்கும் அணி, அடுத்த நாளைக்குத் தன் பந்துவீச்சாளர்களைக் காப்பாற்றி வைக்க விரும்பும்போது இப்படிச் செய்வதுண்டு. அப்போதும் ஒருவர் போய் அந்த மேட்டில் நிற்கத்தான் வேண்டும்.

சியாட்டிலில் 1979ஆம் ஆண்டு

1978 டிசம்பரில் பிட்ஸ்பர்க் அணி அவரையும் வேறு இருவரையும் சியாட்டில் மாரினர்ஸ் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து என்ரிக்கே ரோமோ என்ற பந்துவீச்சாளரையும் வேறு சிலரையும் வாங்கிக்கொண்டது. ரோமோவும் மெக்சிகோ நாட்டவரே. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் இது சகஜம். அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும். செய்தி வந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அடுத்த ஆண்டு, அதாவது 1979ல், பிட்ஸ்பர்க் அணி உலகத் தொடர் கோப்பையை வென்றது. ரோமோ அந்த வெற்றி அணியில் இருந்தார். ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்த மென்டோசாவோ அப்போது நாட்டின் மறுகோடியில், தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணியில் இருந்தார். சியாட்டில் அணி தொடங்கப்பட்டதே 1977ல்தான். 1979ல் அது 67 ஆட்டங்களில் வென்றது, 95ல் தோற்றது.

ஆனால் அந்த ஆண்டில்தான் மென்டோசாவுக்கு வழக்கமான இடம் கிடைத்தது. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். அவற்றில் 148ல் அவர் களமிறங்கினார். 373 தடவை மட்டை பிடித்து 74 ஹிட் அடித்தார். சராசரி 0.198. அந்த ஆண்டு அந்த லீக் முழுவதின் சராசரி சுமார் 0.270. ஆக, மட்டையைப் பொறுத்தவரை அவர் மிகவும் பின்தங்கியே இருந்தார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. உண்மையைக் குறைத்துச் சொல்லி ஒருவரைப் பெருமைப்படுத்த முடியாது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இவ்வளவு குறைவாக அடித்தவரை ஓர் அணி ஏன் 148 ஆட்டங்களில் இறக்கியது? தொழில்முறை அணி தருமத்துக்காக எவரையும் ஆடவிடுவதில்லை. மட்டையில் அவர் இழந்ததைக் கையில் ஈடுசெய்கிறார் என்று நாள்தோறும் அருகே நின்று பார்த்த நிர்வாகிகள் கருதினார்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அந்த 148 என்ற எண்ணும் அதே பதிவேட்டில்தான் இருக்கிறது. அதை வைத்து ஒருவரும் ஒரு சொல்லை உண்டாக்கவில்லை.

ஒரே ஒரு ஹிட்

இப்பொழுது அந்தக் கணக்கை இன்னும் அருகே வந்து பார்ப்போம். 373ல் 74 என்றால் 0.198. அதே 373ல் 75 என்றால் எவ்வளவு? 0.201.

பிரியமானவர்களே, ஆறு மாத காலம், 148 ஆட்டங்கள், 373 தடவை. இவற்றில் ஒரே ஒரு பந்து ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால், எதிரணியைச் சேர்ந்த யாரோ ஒருவர் ஒரே ஒரு தடவை கால் இடறியிருந்தால், அந்த ஆண்டின் எண் 0.200ஐத் தாண்டியிருக்கும்.

இன்னும் கேளுங்கள். அவருடைய ஒன்பது பருவங்களையும் சேர்த்துப் பார்த்தால் 686 ஆட்டங்கள், 1,337 மட்டைத் தடவைகள், 287 ஹிட். மொத்தச் சராசரி 0.215. மென்டோசா கோடு என்பது 0.200. அதாவது, தம் பெயரால் அழைக்கப்படும் கோட்டுக்கு மேலேதான் அவர் தம் ஓட்டத்தை முடித்திருக்கிறார். ஒன்பதில் ஐந்து பருவங்களில் அவர் எண் அந்தக் கோட்டுக்குக் கீழே, நான்கில் மேலே. 1980ல் 0.245, 1981ல் 0.231. இவ்வளவும் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் கேலிச் சொல் பதிவேட்டைப் பார்ப்பதில்லை.

சொல் பிறந்த கதை

இந்தச் சொல் பிறந்ததைக் குறித்துப் பல கதைகள் உண்டு. மென்டோசாவே சொல்லியிருப்பது இதுதான். சியாட்டில் அணியில் அவருடன் ஆடிய டாம் பசோரெக், புரூஸ் போச்டே இருவரும் வேடிக்கையாக இதைப் பேசத் தொடங்கினார்கள். அக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் எல்லா ஆட்டக்காரர்களின் சராசரியையும் மேலிருந்து கீழாக வரிசையாக அச்சிடும். வரிசையின் அடிப்பக்கத்தில் எங்கோ மென்டோசாவின் பெயர் இருக்கும். 1980ஆம் ஆண்டுப் பருவத்தின் தொடக்கத்தில் கான்சாஸ் சிட்டி அணியின் புகழ்பெற்ற வீரர் ஜார்ஜ் பிரெட் சரியாக அடிக்கவில்லை. கவனமாக இல்லாவிட்டால் மென்டோசா கோட்டுக்குக் கீழே போய்விடுவாய் என்று அவர்கள் அவரைக் கிண்டல் செய்தார்கள். பிரெட் அதை ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் கிறிஸ் பெர்மனிடம் சொன்னார். பெர்மன் அதை ஒளிபரப்பில் அடிக்கடி சொல்ல, நாடெங்கும் பரவிவிட்டது.

இதில் ஒருவருக்கும் தீய எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. உடன் உழைக்கும் நண்பர்களின் வேடிக்கைப் பேச்சு. ஆனால் அறைக்குள் சொல்லும்போது வேடிக்கையாக இருப்பது, அறையை விட்டு வெளியேறி ஊரெல்லாம் சுற்றும்போது வேடிக்கையாக இருப்பதில்லை. அறைக்குள் இருப்பவர்களுக்கு அந்த மனிதரைத் தெரியும். அவர் கைகளை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஊருக்கு அந்த எண் மட்டுமே தெரியும். தொடக்கத்தில் தமக்கு அது வருத்தமளித்ததாக மென்டோசாவும் சொல்லியிருக்கிறார்.

ஜார்ஜ் பிரெட்டின் 1980ஐயும் நாம் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் முடிவில் அவர் சராசரி 0.390. 0.400 என்ற பெரிய எல்லையை எட்ட இன்னும் 5 ஹிட் தேவைப்பட்டது, எட்டவில்லை. அவர் எட்டாமல் போனதை மக்கள் மரியாதையோடு நினைவுகூருகிறார்கள். 5 ஹிட் குறைந்தவருக்கு மரியாதை. அதற்கு முந்தைய ஆண்டில் ஒரே ஒரு ஹிட் குறைந்தவருக்குக் கேலி. நாம் கோட்டை எங்கே போடுகிறோமோ அதைப் பொறுத்தே குறைவு பெருமையாகவும் சிறுமையாகவும் மாறிவிடுகிறது.

மறு பாதி ஓட்டம்

1980 டிசம்பரில் மறுபடியும் ஒரு பெரிய மாற்றம். இரு அணிகளிடையே 11 பேர் கைமாறினார்கள். அவர்களுள் ஒருவராக மென்டோசா டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்குப் போனார். 1981ல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பருவம் நடுவே நின்றுபோனது. ரேஞ்சர்ஸ் ஆடிய 105 ஆட்டங்களில் 88ல் அவர் இடம்பெற்றார். 1982ல் 12 ஆட்டங்களோடு பெரிய லீக்கில் அவர் காலம் முடிந்தது. வயது 31. அநேகர் வாழ்க்கையில் காலூன்றும் வயதில் அவருடைய வேலை முடிந்துவிட்டது.

அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பி மெக்சிகன் லீக்கில் மேலும் பல ஆண்டுகள் ஆடினார். பின்பு பயிற்சியாளரானார். 1990களில் கலிபோர்னியாவிலும் பிற இடங்களிலும் ஏஞ்சல்ஸ் அணியின் கீழ்நிலை அணிகளை நடத்தினார். பெரிய லீக்கைக் கனவு காணும் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை அது. அவர்களுள் அநேகர் ஒருநாளும் பெரிய லீக்கை எட்டப்போவதில்லை என்பது கற்றுக்கொடுக்கிறவருக்குத் தெரியும். தெரிந்தும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் மெக்சிகோ பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஆம், அமெரிக்காவில் கேலிக்குரிய அதே பெயர்தான், அவருடைய நாட்டில் மரியாதைக்குரியவர்களின் வரிசையில் இருக்கிறது. பட்டுக் கைகளை அவர்கள் மறக்கவில்லை.

நாம் எடுத்துக்கொள்ளும் மூன்று காரியங்கள்

முதலாவது: எண்ணப்படாத வேலையும் வேலையே. மென்டோசாவின் நாட்களில் மட்டையடியை நுணுக்கமாக அளந்தார்கள். தடுப்பாட்டத்தை அளக்கச் சரியான கருவி இல்லை. தவறவிட்ட பந்துகளை எண்ணினார்கள். தூரத்துப் பந்தை நோக்கி ஓடாமல் நின்ற இடத்திலே நின்றவருக்குத் தவறு எழுதப்படாது. ஓடிப்போய் எட்டிப் பிடித்து நழுவவிட்டவருக்குத் தவறு எழுதப்பட்டுவிடலாம். 2015 முதல் பெரிய லீக் மைதானங்களில் எல்லாம் கேமராக்களை வைத்து ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக ஓடிப் பந்தை எட்டுகிறார் என்று அளக்கிறார்கள். மென்டோசா ஓடிய ஓட்டங்களை அளக்க அன்று எவரும் இல்லை. அளக்கப்படவில்லை என்பதால் அவர் ஓடவில்லை என்றாகாது.

இரண்டாவது: கடைசிப் படி எந்த ஏணியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1979ல் பெரிய லீக்கில் 26 அணிகள். அணிக்கு 25 பேர். மொத்தம் 650 இடங்கள். அமெரிக்காவிலும், மெக்சிகோவிலும், கரீபியன் தீவுகளிலும் தெருவுக்குத் தெரு மட்டை பிடித்த எத்தனையோ பிள்ளைகளில் அந்த 650க்குள் வந்தவர் மென்டோசா. ஒருமுறை அல்ல, ஒன்பது பருவங்கள். அச்சிட்ட வரிசையின் அடியில் இருந்தவர், அச்சில் ஏறாதவர்களின் பெருங்கூட்டத்துக்கு மேலே இருந்தார்.

மூன்றாவது: ஒரு மனிதரை ஓர் எண்ணாக்கிவிடும் பழக்கம் ஆட்டக்களத்தோடு முடிவதில்லை. கட்டிலோரத்தில் அமர்ந்து பேசுகிற வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு மதிப்பெண் குறைந்து தேறாமற்போன பிள்ளை, ஒரு வியாபாரத்தில் நொடித்துப்போன தகப்பன், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். தங்களைக் குறித்துப் பேசத் தொடங்கினால் அந்த ஒன்றையே முதலில் சொல்வார்கள். மற்ற எல்லாம் அழிந்துபோனது போலப் பேசுவார்கள். அவர்கள் வளர்த்த பிள்ளைகள், தாங்கிய குடும்பம், நேர்மையாகக் கடந்த வருஷங்கள் ஒன்றும் அந்தப் பேச்சில் வராது. யாரோ போட்ட ஒரு கோட்டைத் தங்கள் முழு வாழ்வின் கோடாக எடுத்துக்கொள்வார்கள். சிலர் அதற்காக உயிரையே விட்டுவிடவும் துணிகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் 'நீ தோற்கவில்லை' என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. 373ல் 74 என்பது உண்மைதான். அதோடு 148 என்பதும் உண்மை, 0.215 என்பதும் உண்மை, பட்டுக் கைகள் என்பதும் உண்மை என்று முழுக் கணக்கையும் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

அன்பானவர்களே, மென்டோசா கோடு என்ற சொல் இனிமேல் மறையப்போவதில்லை. நாம் மறைக்கவும் முடியாது. நம் வீட்டில், நம் தெருவில், நாம் வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட கோடுகள் போடப்படும்போது நாம் ஒன்று செய்யலாம். சிரிப்பில் சேர்ந்துகொள்ளுமுன், அவர் கைகளைப் பார்த்தவர்கள் என்ன சொல்லுகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.